ஹேண்ட்பிரேக் பிடித்துத் திருப்பிய காரில் எது தேய்ந்தது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கோன்களைச் சுற்றிச் சுற்றி வந்த கார், திங்கட்கிழமை காலை அலுவலகம் போகும் வழியில் அதுவரை இல்லாத ஒரு சத்தத்தைக் கொடுக்கும். பின்னாலிருந்து வருகிறதா, முன்னாலிருந்தா என்று தெரியாது. நேராக மெக்கானிக்கிடம் விட்டால் அவர் வழக்கமான சர்வீஸ் கண்ணோடுதான் பார்ப்பார். முந்தின நாள் அந்த வண்டியை எப்படி ஓட்டினோம் என்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் முதல் பரிசோதனையை நாமே செய்வது நல்லது. முன்சக்கர இழுவை உள்ள (இன்ஜின் முன்சக்கரங்களைச் சுற்றும்) என் பழைய சின்னக் காரில் சில ஆண்டுகளாக ஆட்டோகிராஸ், அதாவது மைதானத்தில் கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி, ஓட்டிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பின்பக்கத்தை வழுக்கவிட்டுக் கூர்மையாகத் திரும்புவதைத்தான் ஹேண்ட்பிரேக் திருப்பம் என்கிறேன்.

ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது: எங்கே வழுக்கியதோ அங்கேதான் தேய்ந்திருக்கும். ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். டிரம்முக்கும் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்) அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவுக்கும் நடுவே அசைவே இல்லை, அதனால் அங்கே தேய்மானமும் இல்லை. உரசுவது டயரும் தரையும்தான். மெதுவாக, பாதியாக இழுத்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்; அப்போது ஷூவும் டிரம்மும் சூடாகித் தேயும். திருப்பத்திலிருந்து வெளியேற ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அடி முழுக்க முன்சக்கரத்துக்கும் அதைச் சுற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் போகும். ஆக, நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதை நேர்மையாக நினைத்துப் பார்த்தாலே தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

பொதுச்சாலையில் ஹேண்ட்பிரேக் திருப்பத்தைச் செய்யவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ம் பிரிவில் அபாயகரமாக ஓட்டியதற்குத் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள், பின்பக்கம் சுழன்று போகும் காருக்கு எதிரே வரும் ஸ்கூட்டர்காரர் எங்கும் ஒதுங்க முடியாது. இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் முறையான பந்தயத் தடங்கள் இருக்கின்றன. முறையாக நடத்தப்படும் ஆட்டோகிராஸ் நிகழ்ச்சிகளும் உண்டு. அங்கே ஓட்டுங்கள்.

ஜாக்கி வைப்பதற்கு முன்

பின்பக்கத்தைத் தூக்கித்தான் பெரும்பாலான சோதனைகளைச் செய்யப் போகிறோம். அதற்கு ஹேண்ட்பிரேக்கை இறக்கி வைக்க வேண்டும். அப்படியானால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எது? முன்சக்கர இழுவை என்பதால் முதல் கியரில் போட்டால் தரையில் இருக்கும் முன்சக்கரங்களை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அதை மட்டும் நம்ப வேண்டாம். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், சமதளத்தில் நிறுத்துங்கள், தூக்கியபின் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கையைக்கூட விடாதீர்கள்.

"தட தட" என்று தாளம் போல ஒரு அதிர்வு, வேகம் கூடக் கூட அதுவும் வேகமாகிறது

பத்தில் எட்டு முறை இது பின்டயர் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்ததால் வருவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். 40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். ஹேண்ட்பிரேக்கில் சக்கரம் ஒரு நொடி நின்றுபோனால், வேகம் குறைவதைக் கழித்துவிட்டாலும் எட்டு, ஒன்பது மீட்டர் தூரத்துக்கு டயரின் உள்ளங்கை அளவு இடம் மட்டும் தார்மேல் தேய்ந்துகொண்டே போகிறது. சின்னக் கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். டயர் முழுக்கப் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேய்மானத்தை ஒரே ஒரு இடம் வாங்கிக்கொள்கிறது. காய்ந்த தாரில் நாலைந்து முறை இழுத்தாலே கண்ணுக்குத் தெரியும். மண் தரையிலும் ஈரத் தரையிலும் இவ்வளவு மோசமாகாது. ஆனால் அங்கே கூழாங்கல் ரப்பரைக் கீறி, டயரின் மேல் இருக்கும் ரப்பர் பட்டன்களின் ஓரத்தைப் பிய்த்துவிடும்.

உறுதி செய்ய ஆளில்லாத நேரான சாலையில் 20 கி.மீ. வேகத்தில் போங்கள். நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று தட்டு கேட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு கொடுக்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லாமல் சீட்டிலும் தரையிலும் மட்டும் தெரிந்தால் பின்சக்கரம். அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டயர்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கண்ணில் படாத தட்டையும் கையில் தட்டுப்படும். டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் முதலில் கண்ணால் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

தட்டையான இடத்தில் பட்டன் உயரம் தேய்மானக் குறிக்கு, அதாவது 1.6 மி.மீ.க்கு, வந்துவிட்டால் டயரை மாற்றத்தான் வேண்டும். மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்கிறதே என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்டதில்லை. ஆனால் மழையில் அந்த ஓரிடம் தண்ணீரை வெளியே தள்ளாது. நூலோ கம்பியோ தெரிந்தால் அந்த டயரோடு வீட்டுக்குக்கூட ஓட்ட வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்கள். லேசான தட்டை என்றால் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் மழுங்கும், முழுசாகப் போகாது. பேலன்சிங் செய்தால் சரியாகிவிடும் என்று டயர் கடையில் சொல்வார்கள். ஆகாது. பேலன்சிங் எடையைச் சமன் செய்யும், வடிவத்தைச் சரி செய்யாது.

ஒரு விதிவிலக்கு: வண்டி பல நாள் ஒரே இடத்தில் நின்றிருந்தாலும் டயர் தற்காலிகமாகத் தட்டையாகும். அது பத்து, இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் போய்விடும். போகவில்லை என்றால் நீங்கள் தேய்த்ததுதான்.

மைதானத்துக்கு என்றே இரண்டு பழைய டயர்களை ரிம்மோடு தனியாக வைத்துக்கொள்வது இதற்கு நிரந்தரத் தீர்வு. பின்னால் மட்டும் மாட்டினால் போதும். ஓட்டி முடித்ததும் கழற்றிவிட்டு, சாலை டயரை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஹேண்ட்பிரேக் லிவர் மேலே மேலே வருகிறது, ஆனால் சக்கரம் நிற்பதில்லை

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். லிவர் உயரமாக வந்தால் கேபிள் இழுபட்டுவிட்டது என்று முடிவு கட்டி, லிவருக்கு அடியில் இருக்கும் நட்டை முறுக்கிவிடுகிறோம். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மறுபடி லிவர் மேலே வரும், மறுபடி முறுக்குவோம். எனக்கு ஒரு கட்டத்தில் நட்டில் மரையே மிச்சமில்லை.

நடந்தது வேறு. டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகவே குறைக்கும் பல் வைத்த அட்ஜஸ்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. காலால் பிரேக் மிதிக்கும்போதுதான் பல வண்டிகளில் அது வேலை செய்யும். அதற்கு ஷூக்கள் ஒவ்வொரு முறையும் முழுசாகப் பின்வாங்கி, தங்கள் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். கேபிளை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டால் அது ஷூக்களை எப்போதும் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அட்ஜஸ்டர் நகராது. ஷூ தேயும், இடைவெளி கூடும், லிவர் மறுபடி உயரும். கேபிளை முறுக்க முறுக்கக் கோளாறு வளர்கிறது.

சரியான வரிசை இதுதான். லிவரை முழுசாக இறக்குங்கள். கேபிள் நட்டைத் தளர்த்தி, கேபிள் தொய்வாக இருக்கும்படி விடுங்கள். இரண்டு டிரம்மையும் கழற்றி, ஷூ லைனிங்கின் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) தடிமனையும் டிரம்மின் உள்பக்கத்தையும் பாருங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், எதுவானாலும் அது நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரோ ஈரத்துணியோ கொண்டு துடையுங்கள். அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஷூக்களுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் (பேக்கிங் பிளேட்) ஷூ உரசும் மேடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் ஷூ மாட்டிக்கொள்ளும். அங்கே சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சமாக, லைனிங்கில் படாமல் வையுங்கள். பிறகு டிரம்மை மாட்டி, சக்கரம் மிக லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரைக் கொண்டுவந்து, காலால் பிரேக்கைப் பல முறை மிதித்து ஷூக்களைத் தங்கள் இடத்தில் உட்கார வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேபிளை முறுக்க வேண்டும். எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். லிவர் கீழே இருக்கும்போது இரண்டு சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

டிரம்மின் உள்விட்டம் எவ்வளவு வரை போகலாம் என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே வார்த்திருக்கும். அதைத் தாண்டியிருந்தால் கடைசல் போட்டுப் பிரயோஜனமில்லை. ஷூவின் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தால் பாதிப் பிடியில் இழுத்துச் சூடேற்றி இருக்கிறீர்கள். மேலாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது சின்ன நிவாரணம்தான், மாற்றுவதே சரி.

இவ்வளவு செய்தும் லிவர் உயரமாகவே வந்தால் அப்போது கேபிளைச் சந்தேகிக்கலாம். வெளியுறையின் முனைகளில் உள்கம்பியின் இழைகள் பிரிந்து மீசை போல நீட்டிக்கொண்டிருந்தால் அது அறுந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கக் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள்.

லிவர் ஏற்றத்தில் நழுவினால் அது வேறு கதை: லிவரை இழுத்த இடத்தில் பிடித்து வைக்கும் ராட்செட் பல் தேய்ந்துவிட்டது. லிவர் முனையில் இருக்கும் பட்டனை அழுத்தாமல் "கர்ர்" என்று இழுக்கும் பழக்கம் பல்லைத் தின்றுவிடும். திருப்பத்தில் இழுக்கும்போது பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இழுத்து, அப்படியே இறக்க வேண்டும்.

இடப்பக்கம் நன்றாகச் சுழல்கிறது, வலப்பக்கம் சுழல மறுக்கிறது

ஓட்டுகிற கையின் குறை என்று நினைத்துப் பயிற்சியை மாற்றிக்கொண்டே இருப்போம். முதலில் வண்டியைப் பாருங்கள். திருப்பத்தில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. பின்பக்கத்தை விடுவிக்க அந்த வெளிப்பக்கச் சக்கரம் நிற்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது வலது பின்சக்கரம், வலப்பக்கம் திரும்பும்போது இடது பின்சக்கரம். ஆகவே வலப்பக்கம் சுழல மறுத்தால் இடது பின்பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை.

இரண்டு சக்கரத்தையும் தூக்கி, லிவரை ஒவ்வொரு கிளிக்காக ஏற்றிக்கொண்டே ஒருவர் கையால் சுற்றிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே கிளிக்கில் பிடிக்கத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் லிவரின் இழுவையை இரண்டு கேபிளுக்கும் பிரித்துக் கொடுக்கும் குறுக்குத் துண்டு இறுகியிருக்கலாம், ஒரு பக்கக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கால் பிரேக்கில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூவில் பிரேக் ஆயில் ஏறியிருக்கலாம். சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் கால் பிரேக்கே ஆபத்தில் இருக்கிறது. சிலிண்டரையும் ஷூவையும் மாற்றாமல் வண்டியை எடுக்க வேண்டாம். ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஷூவை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஒரு பின்சக்கரம் மட்டும் சூடு, கருகல் வாசனை, வண்டி இழுக்கவே சிரமப்படுகிறது

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேபிள் திரும்பி வராதது, அளவுக்கு மேல் முறுக்கியது, உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தது, இம்மூன்றில் ஒன்று. பின்னால் டிஸ்க் உள்ள வண்டி என்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில் கேபிள் மாட்டியிருக்கும் சின்னக் கை முழுசாகத் திரும்பித் தன் நிறுத்தத்தில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள்.

சுற்று முடிந்து சூடாக வந்து நின்றதும் ஹேண்ட்பிரேக் போட்டு வைக்காதீர்கள். சூடான டிரம்மை ஷூ இறுக்கிப் பிடித்தபடி ஆற விடுவது நல்லதல்ல. மழைக்காலத்தில் கழுவிவிட்டு ஹேண்ட்பிரேக்கோடு நிறுத்தினால் மறுநாள் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

தொடர்ந்து "உம்ம்ம்" என்ற முனகல், திருப்பத்தில் கூடுகிறது அல்லது குறைகிறது

தட்டையான டயர் தாளம் போடும், வீல் பேரிங் முனகும். வேறுபாடு காதுக்கே தெரியும். இடப்பக்கம் வளைக்கும்போது முனகல் கூடினால் வலது பேரிங், வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது. தூக்கி வைத்து, ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் பழுதாகியிருந்தால் மணலை அரைப்பது போன்ற ஒரு அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தாமதிக்க வேண்டாம். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போன சக்கரம் ஒரு மேட்டிலோ விளிம்புக் கல்லிலோ போய் முட்டுவதுதான் பேரிங்குக்கு விழும் பெரிய அடி.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்னால் "கட கட கட"

டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு. ஹேண்ட்பிரேக் திருப்பத்தின் கடைசிக் கட்டத்தை நினைத்துப் பாருங்கள்: சக்கரம் முழுசாக ஒடிந்திருக்கிறது, கால் முழுசாக அழுத்தியிருக்கிறது, உள்பக்கச் சக்கரம் தரையில் பிடி இல்லாமல் சுழன்றுவிட்டுத் திடீரென்று பிடிக்கிறது. அந்த ஜாயின்ட்டுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. காலி இடத்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, மெதுவாக வட்டமடித்துக் கேளுங்கள். சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட் போய்விட்டது. சத்தம் இல்லை, ஆனால் ரப்பர் பூட் மட்டும் கிழிந்து கிரீஸ் ரிம்மில் தெறித்திருக்கிறது என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உடனே சுத்தம் செய்து, சி.வி. ஜாயின்ட்டுக்கான கிரீஸ் நிரப்பி, புது பூட் போட்டால் தப்பிக்கும். நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டியின் உடம்பு நடுங்குவது உள்பக்க ஜாயின்ட்டின் அடையாளம்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி அழுத்தும்போது ஒரே ஒரு "டொக்" என்றால் பெரும்பாலும் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட். பானெட்டைத் திறந்து வைத்து, நம்பிக்கையான ஒருவரைக் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொல்லுங்கள். நீங்கள் காரின் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்கவே வேண்டாம். இன்ஜின் எகிறிக் குதித்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்துவிட்டது.

ஒரு சீசன் முடிந்ததும் கியர் ஆயிலை மாற்றி, வடிகால் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். பசை போன்ற மெல்லிய தூள் இயல்பு. நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைத் திறக்க வேண்டிய நேரம்.

நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது

முன்பக்க அலைன்மென்ட்டைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தும் கோணல் போகவில்லை என்றால் பின்பக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் பின்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றைக் குறுக்குச் சட்டம் (டார்ஷன் பீம்). ஒரு முறை கல்லில் முட்டி அது வளைந்துவிட்டால் பின்சக்கரங்கள் வண்டியை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும், டயரின் ஒரு ஓரம் ரம்பப் பல் போலத் தேயும். பல வண்டிகளில் அங்கே திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. பீமை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் புஷ்ஷை மாற்றினால் போதும். பீமே வளைந்திருந்தால் பீமையே மாற்ற வேண்டும். சூடேற்றி அடித்து நிமிர்த்துகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பின்டயரில் மட்டும் மெல்லக் காற்று இறங்குகிறது

பங்க்சர் கடையில் ஆணி கிடைக்கவில்லை என்றால் ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டு வழுக்கலில் டயர் ஒரு கணம் விளிம்பை விட்டு நகர்ந்து, மண் உள்ளே புகுந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். காற்று குறைவாக வைத்து ஓட்டினால் டயர் ரிம்மிலிருந்து முழுசாகவே கழன்றுவிடும். பின்டயரில் சாலைக்கு வைப்பதைவிடச் சில பி.எஸ்.ஐ. கூட்டி ஓட்டினால் அது நடப்பதும் குறையும், பின்பக்கம் எளிதாக வழுக்கவும் செய்யும், அதனால் குறைந்த நேரம் இழுத்தால் போதும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் குறையுங்கள்.

இழுக்கும் நேரத்தைக் குறைப்பதே எல்லாத் தேய்மானத்துக்கும் மருந்து. முதலில் கால் பிரேக்கைத் தொட்டு எடையை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, பின்பக்கம் லேசான அந்த நொடியில் ஒரு வெட்டு இழுத்து விட்டால் அரை நொடியில் வேலை முடியும். எடை மாறாமல் வெறும் லிவர் பலத்தில் இழுத்தால் இரண்டு நொடி பிடிக்கும். 1960, 61, 62 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை வென்ற ஸ்வீடன் வீரர் எரிக் கார்ல்சன் ஓட்டிய சாப் 96 காரும் முன்சக்கர இழுவைதான். வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்க இடது காலால் பிரேக்கைத் தொட்டு வண்டியின் மூக்கைத் திருப்பும் முறைக்கு அவர் பெயர் பெற்றவர். மிகக் கூர்மையான திருப்பம் தவிர மற்றவற்றில் இந்த முறையைப் பழகிவிட்டால் லிவருக்குக் கை போகும் தேவையே பாதியாகக் குறையும்.

டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது

ஏ.பி.எஸ். விளக்கு என்றால், முன்சக்கரம் சுற்றப் பின்சக்கரம் நின்றதைக் கண்ட்ரோல் யூனிட் கோளாறு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். வண்டியை அணைத்து மறுபடி கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பல நேரம் போய்விடும். போகாவிட்டால் பின்சக்கர சென்சாரில் சேறு படிந்திருக்கிறதா, வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் வைத்த எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியை இந்த வேலைக்கே கொண்டுவர வேண்டாம். ஓடும்போது பட்டனை இழுத்தால் அது அவசர பிரேக்காகத்தான் நடந்துகொள்ளும்.

ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், லிவருக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் வளைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தாலும் எரிவது இதே விளக்குதான். முதலில் பானெட்டைத் திறந்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது பேட் தேய்ந்ததாலா, வீல் சிலிண்டர் கசிந்ததாலா என்று தெரியும்வரை வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.